ஏசிஎல் கிழிந்தால் உடனே அறுவை சிகிச்சையா?

வணக்கம் தம்பி. ஃபுட்பால் ஆடும்போது ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைத்து நிறுத்தும் நார்) முழுதாகக் கிழிந்து மூன்று வாரம் ஆகிறது, எம்.ஆர்.ஐ-யில் வேறு பெரிய சேதம் இல்லை, இந்த மாதமே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவ்வளவு அவசரம் தேவையில்லை என்பதே என் கருத்து. ஸ்வீடனில் நடந்த கானான் ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. சுறுசுறுப்பான இளவயதினர் 121 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சியோடு சீக்கிரமே அறுவை சிகிச்சை. மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி மட்டும். முட்டி நிலைகொள்ளாவிட்டால் பிறகு அறுவை சிகிச்சை. 2010-இல் வந்த இரண்டாண்டு முடிவில் வலியிலோ விளையாட்டுத் திறனிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டு ஆனபோதும் இரண்டாம் பிரிவில் ஏறக்குறையப் பாதிப்பேர் அறுவை சிகிச்சை இல்லாமலேயே இருந்தார்கள். தொழில்முறை வீரர்களை இதில் சேர்க்கவில்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில், காயம் பழசாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. ஆகவே உங்கள் முட்டி நடக்கும்போது, படி இறங்கும்போது நழுவுகிறதா என்று கவனியுங்கள். அடிக்கடி நழுவவிட்டால் முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழியலாம். முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இப்போதைக்கு வீக்கம் வடியட்டும், காலை முழுதாக நீட்டப் பழகுங்கள், அப்புறம் பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் தொடைத் தசையை வலுப்படுத்துங்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் ஒன்பது மாதத்துக்கு முன் மைதானத்தில் இறங்க வேண்டாம். நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் சீக்கிரம் திரும்பியவர்களுக்கே மறுகாயம் அதிகம். முட்டி இதுவரை எத்தனை முறை நழுவியது, எழுதுங்களேன்.