ஏஸ் ஜோடி தோற்பது இயல்பு, ஏஜென்டின் கடன்தான் ஆபத்து

கேள்வி: சில மாதங்களாக ஆன்லைனில் போக்கர் ஆடுகிறேன். பணம் வைத்து ஆடும் செயலிகள் நின்றுபோன பிறகு, ஏஜென்ட் ஒருவரிடம் சிப் வாங்கித் தனியார் கிளப் ஒன்றில் ஆடுகிறேன். முதலில் லாபம். மூன்று வாரமாகத் தொடர்ந்து தோல்வி. கையில் இரண்டு ஏஸ் இருந்தும் தோற்கிறேன். பந்தயத் தொகை அதிகமான பெரிய டேபிளுக்கு வந்தால் விட்டதைப் பிடித்துவிடலாம், சிப்பைக் கடனாகத் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். இந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவது? செயலியே ஏமாற்றுகிறதா? – கோவை வாசகர்

பதில்: கடன் சிப்பை வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ஏஜென்டுக்கு உங்கள் மேல் ஏன் இவ்வளவு அக்கறை? ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து கிளப் ஒரு கமிஷனை எடுத்துக்கொள்கிறது. ரேக் என்பது அதுதான். உங்களை அழைத்து வந்தவருக்கு அதில் ஒரு பங்கு போகிறது. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு வரும்படி உண்டு. டேபிள் பெரிதானால் வரும்படியும் பெரிது. தோற்றுக்கொண்டிருப்பவனைப் பெரிய டேபிளுக்கு அனுப்பும் ஆலோசனையை, போக்கர் தெரிந்த எவரும் நல்லெண்ணத்தோடு சொல்ல மாட்டார்.

வாரக் கடைசியில் கணக்குத் தீர்க்கச் சொல்வார்கள். பணத்தை ஒரு வாரம் ஒருவர் பெயருக்கு, மறுவாரம் இன்னொருவர் பெயருக்கு யுபிஐயில் அனுப்பச் சொல்வார்கள். நீங்கள் ஜெயித்த பணமும் முன்பின் தெரியாத கணக்கிலிருந்தே வரும். அந்தக் கணக்கு ஏதாவது ஒரு சைபர் மோசடியில் சிக்கியிருந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டதும் வங்கி உங்கள் கணக்கையும் முடக்கும். சம்பளக் கணக்கு முடங்கியவர்கள் வெளிமாநில போலீஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு அலைகிறார்கள்.

கடனுக்காக வெற்றுக் காசோலையிலோ புரோநோட்டிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பந்தயத்தில் ஜெயித்த பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்க 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு இடம் தரவில்லை. அதனால்தான் இவர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் உங்கள் வீட்டுக்குப் போன் செய்கிறார்கள். கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று கிடைத்துவிட்டால் கதையே வேறு.

இந்த ஏஜென்டுகளுக்குக் கடை விரித்துக் கொடுத்தது யார்? 2023 அக்டோபரிலிருந்து ஆட்டக்காரர் கட்டிய பணத்தின் மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி, ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரி என்று அரசு வாங்கிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும் தடை என்று சட்டம் இயற்றியது. தடையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், பழக்கத்தில் விழுந்துவிட்டவன் மறுநாள் எங்கே போவான் என்று யாரும் யோசிக்கவில்லை. அவன் டெலிகிராமில் இந்த ஏஜென்டுகளிடம் போனான்.

இனி உங்கள் தோல்விக்கு வருகிறேன். ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மோதினால் ஏஸ் ஜெயிப்பது நூற்றுக்கு 82 முறை. இதே மோதல் ஐந்து தடவை வந்தால், அதில் ஒரு தடவையாவது ஏஸ் தோற்க 60 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு. சீட்டுப் போட்டு முடியும் ஒரு சுற்றைக் கை என்பார்கள்; சீட்டுப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டியாக வேண்டிய தொகை பிக் பிளைண்ட். ஆறு பேர் டேபிளில் 100 கைக்கு ஐந்து பிக் பிளைண்ட் லாபம் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். பத்தாயிரம் கை ஆடிய பிறகும் அவர் நஷ்டத்தில் நிற்க நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஒரே டேபிளில் ஆடினால் பத்தாயிரம் கைக்கு நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே மூன்று வாரத் தோல்வியை வைத்து உங்கள் ஆட்டத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் வந்த லாபத்தை வைத்தும் சொல்ல முடியாது. அதை மட்டும் திறமை என்று நம்பிவிட்டீர்கள்.

முடிவை வைத்து ஆட்டத்தை எடைபோடாதே என்பது பொது விதி. முடிவைப் பார்க்காமலே எடைபோடக்கூடிய கைகள் உண்டு: ரிவர் எனும் கடைசிப் பொதுச் சீட்டு விழும் முன்பே, இருக்கும் சிப் முழுவதையும் வைத்து ஆல்-இன் ஆகி, இருவர் சீட்டும் திறந்து காட்டப்பட்ட கைகள். பணம் உள்ளே போன நொடியில் யார் முன்னால் இருந்தார் என்பது அங்கே கண்ணெதிரே தெரியும். அவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களிடம் ஏஸ்-கிங், எதிராளியிடம் குயின் ஜோடி என்றால் நீங்கள் சற்றுப் பின்னால்தான். தோற்றால் துரதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள். பின்னால் இருந்தும் கடைசிச் சீட்டு காப்பாற்றிய கைகளையும் எழுத வேண்டும். அவற்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் கணக்கு பொய்யாகிறது. பெரும்பாலும் முன்னால் இருந்தும் தோற்றீர்கள் என்றால் அந்தக் கைகளில் அதிர்ஷ்டம் சரியில்லை, அவ்வளவே. ஆல்-இன் ஆகாமல் சிறிது சிறிதாகக் கரைந்த பணத்துக்கு இந்த நோட்டு பதில் சொல்லாது. புதியவர்களின் பணம் அதிகம் கரைவது அங்கேதான்: மட்டமான சீட்டோடு உள்ளே வருவது, தோற்றது தெரிந்தும் பார்த்துவிடலாம் என்று, எதிராளி வைத்த அளவு பணத்தைப் போட்டுக் கால் செய்வது.

செயலி ஏமாற்றுகிறதா என்று கேட்டீர்கள். சீட்டுக் கலைப்பதைவிட, உடன் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம். இரண்டு பேர் போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டு, உங்களை நடுவில் வைத்து மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றி ரைஸ் செய்வார்கள். உங்கள் பணம் உள்ளே போனதும் ஒருவர் சீட்டை மடித்து விலகிவிடுவார். தனியார் கிளப்பில் இதை யாரிடம் போய்ப் புகார் செய்வீர்கள்?

இந்த வாரமே மீதிச் சிப்பைப் பணமாகக் கேளுங்கள். தந்தாலும் தராவிட்டாலும் வெளியேறுங்கள். உரையாடல்களையும் யுபிஐ ரசீதுகளையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டல் வந்தால் 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். சீட்டாட்டம் பிடிக்கும் என்றால் காசில்லாச் சிப்பில் ஆடி, அந்த நோட்டை எழுதுங்கள். காசில்லாமல் ஆட மனம் ஒப்பவில்லை, விட்டதைப் பிடிக்கும் நினைப்பு இரவில் தூங்கவிடவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.