கழிப்பறையில் போடும் ஊசி

கேள்வி: சிட்னியில் இருக்கிறோம். 14 வயது மகளுக்கு ஐந்து வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். ஏழை நாடுகளில் இதே நோயோடு இருக்கும் பிள்ளைகளுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப ஆசைப்படுகிறேன். "ஊரில் நம் சொந்தங்களே கஷ்டப்படும்போது ஆப்பிரிக்காவுக்கு எதற்கு?" என்கிறார் கணவர். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? ரசீதில் பெயர் வராமல் கொடுக்க முடியுமா? மகள் விஷயம் சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. விசேஷ வீடுகளில் கழிப்பறைக்குள் போய்த்தான் ஊசி போட்டுக்கொள்வாள்.
— பெயர் வேண்டாம்

பதில்: கொடுங்கள். உங்கள் ஊரிலேயே இருக்கும் 'லைஃப் ஃபார் எ சைல்டு' அமைப்பு 2000ஆம் ஆண்டு முதல் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஊர்ச் சொந்தங்களுக்குச் செய்வதில் மட்டும் ஒரு காசும் குறைக்காதீர்கள், அது கடமை. உங்கள் வீட்டுச் செலவில் குறைத்துக் கொடுங்கள். கணவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

ஆனால், கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, கழிப்பறை என்று. அதைப் படித்தபிறகு எனக்கு மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது.

அந்த நாடுகளில் பிள்ளைகள் எப்படிச் சாகிறார்கள் தெரியுமா, சகோதரி? இன்சுலின் வாங்க வழியில்லாமல் ஒரு பக்கம். என்ன நோய் என்றே தெரியாமல் இன்னொரு பக்கம். வாந்தி, மயக்கம், மூச்சிரைப்பு என்று தூக்கி வருவார்கள். மலேரியா என்று மருந்து கொடுப்பார்கள். சர்க்கரையைச் சோதிக்க யாருக்கும் தோன்றாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றிக்கொண்ட பையனுக்கும் உங்கள் மகளின் வயதுதான், 14. அவன் அதற்குப் பிறகு 13 வருடம் வாழ்ந்தான். நூறு வருடம் தாண்டியும் இந்த நிலை.

அங்கே தெரியாததால் உயிர் போகிறது. நீங்கள் தெரிந்தே மறைக்கிறீர்கள். கல்யாண மண்டபத்தில் சர்க்கரை இறங்கி அவள் சுருண்டு விழுந்தால் பெரியம்மா என்ன செய்வார்? பசி மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளிப்பார். நினைவு இருந்தால் உடனே கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும், நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். இப்படி எத்தனை அம்மாக்களின் கடிதங்களைப் படித்திருக்கிறேன். இனிப்பு தின்று வந்த நோய் இல்லை இது. உடலின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. இதில் யார் தப்பும் இல்லை. தப்பே செய்யாத பெண்ணைக் கழிப்பறைக்கு அனுப்பி, இது வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று ஐந்து வருடமாகப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். பிள்ளையைத் தலைநிமிர்ந்து நிற்க வைப்பதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன கடமை இருக்கிறது?

இன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். யாரிடம் எப்போது சொல்லலாம் என்பதை அவள் முடிவு செய்யட்டும். பணத்தை அவள் கையாலேயே அனுப்பச் சொல்லுங்கள், ரசீதில் பெயர் வரட்டும். அப்புறம், அவள் சம்மதித்தால், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும், அங்கேயே ஊசி போட்டுக்கொள்ளட்டும். எதிர் இலையில் இருப்பவர் என்னவென்று கேட்டால், பதிலை நீங்கள் சொல்லுங்கள்.