உங்கள் வேலைக்கு ஒரு பெயர்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 16 வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். இப்போது என் பொறுப்பில் 84 மகளிர் குழுக்கள். குழு அமைப்பது, கணக்குப் பார்ப்பது, வங்கிக்கு அழைத்துப் போவது, சண்டை வந்தால் தீர்த்துவைப்பது எல்லாம் நான்தான். கஜா புயலில் தென்னையும் கூரையும் போன ஊர்களில்கூட என் குழுக்களில் ஒன்றும் கலையவில்லை.

போன மாதம் எங்கள் ஆண்டு விழா. மேலாளருக்கும் ஒரு வங்கி அதிகாரிக்கும் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்தார்கள். எங்களுக்கு, 'களப்பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி' என்று ஒரு வரி. மனசு கேட்காமல் மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். 'சேவைன்னு வந்துட்டா பேரை எதிர்பார்க்கக் கூடாதும்மா' என்றார்.

அதே வாரம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தில் 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம். என்ன எழுத என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'சமூக சேவை' என்று அவளே எழுதிக்கொண்டாள். அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் அங்கீகாரம் எதிர்பார்ப்பது தப்பா?

ச.,
நாகப்பட்டினம் மாவட்டம்

*

அன்புள்ள ச.,

தப்பே இல்லை. உங்கள் மேலாளரின் வார்த்தையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, உங்கள் மகள் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் மூன்று வருடம் நானும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தர்மபுரிப் பக்கம். 1989-ல் ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதி உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதலில் தொடங்கிய மாவட்டம் அது. எனக்கு அலுவலகத்தில் அறிக்கை எழுதும் வேலை. களத்தில் ஓர் அக்கா இருந்தார். எட்டாவது வரை படித்தவர். மலையோரத்து ஊர்களெல்லாம் அவர் பொறுப்பு.

அதில் ஓர் ஊரில் 18 பேர் கொண்ட குழு மூன்று மாதமாகக் கூடவில்லை. குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர் சேமிப்புப் பணத்தை எடுத்துவிட்டார் என்று பேச்சு. அக்கா முதல் நாள் போனபோது பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வயதில் மூத்த உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்களோடு சேர்ந்து புளியில் கொட்டை எடுத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் எல்லோரையும் பாஸ்புத்தகத்தோடு வரச் சொன்னார். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு புத்தகமாக உரக்கப் படித்தார். நூறு ரூபாய்க்கு ஒரு புளியங்கொட்டை நடுவில் போட வேண்டும். 108 கொட்டை சேர்ந்தது. அப்புறம் வங்கியில் இருக்கும் பணத்துக்கும், உள்கடனில், அதாவது குழு தன் உறுப்பினர்களுக்கே கொடுத்த கடனில், வெளியே நிற்கும் பணத்துக்கும் கொட்டைகளை எடுத்துத் தனியே வைத்தார். 68. மிச்சம் 40 கொட்டை நடுவிலேயே கிடந்தது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஊக்குநரே அழுதுகொண்டு சொன்னார், புருஷனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தேன் என்று. அந்த 4,000 ரூபாயை உள்கடனாகத் தீர்மான நோட்டில் எழுதி, தவணை போட்டு, ஊக்குநர் பொறுப்பு இனி வருடத்துக்கு ஒருவர் என்றும் எழுதி, 18 பேரிடமும் கையெழுத்தும் கைரேகையும் வாங்கிக்கொண்டு கடைசிப் பஸ்ஸில் அக்கா திரும்பினார்.

அந்த மாத அறிக்கையில் இது எப்படி வந்தது தெரியுமா? 'குழு மீண்டும் செயல்படத் தொடங்கியது.' அவ்வளவுதான். அதை எழுதியவள் நான். இன்றைக்கும் அந்த வரி என்னை உறுத்துகிறது. அக்கா வேலையை விட்டபோது கொடுத்த சான்றிதழில் 'நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்' என்று இருந்தது. ஒரு கணக்குத் தணிக்கையாளரின் நுணுக்கமும் ஒரு நல்ல நீதிபதியின் பொறுமையும் அந்த ஒரு மத்தியானத்தில் இருந்தன. அதைச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை.

'சேவை' என்ற சொல்லிடம் எனக்குள்ள குறை இதுதான். அது நல்ல சொல், மரியாதையான சொல். ஆனால் நல்ல மனசு இருந்தால் போதும், யாரும் செய்துவிடலாம் என்று அது நினைக்கவைக்கிறது. நல்ல மனசுக்கு நன்றி சொன்னால் போதும் என்றும் ஆகிவிடுகிறது. திறமைக்கு நன்றி மட்டும் போதாது. அதற்குப் பெயர் வேண்டும், பதவி வேண்டும், சம்பளம் வேண்டும், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஒரு வழியும் வேண்டும்.

இதை நம் நாட்டில் அழுத்தமாகச் சொன்னவர்களில் ஒருவர் தீப் ஜோஷி. உத்தராகண்ட் மலைக்கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியலும் மேலாண்மையும் படித்தவர். மகாராஷ்டிரத்தில் ஜாம்கேட் என்ற ஊரில் ஆரோலே தம்பதி, இருவரும் மருத்துவர்கள், அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்ததைப் பார்த்தார். நன்றாகப் படித்தவர்கள் கிராமத்தில் வந்து வேலை செய்தால் என்னவெல்லாம் நடக்கும் என்ற எண்ணம் அவருக்குள் அங்கேதான் விழுந்தது. 1983-ல் நண்பர்களோடு சேர்ந்து 'பிரதான்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் அதன் முழுப்பெயரின் முதல் சொல்லே 'புரொபஷனல்'. படித்த இளைஞர்களைக் கிராமங்களில் தங்கவைத்து, இதை ஒரு தொழிலாகவே கற்றுக்கொடுத்தார்கள். 2009-ல் அவருக்கு, ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மகசேசே விருது வந்தது. தொண்டு நிறுவனங்களின் வேலைக்குள் தொழில்முறைத் திறனைக் கொண்டுவந்தார், அறிவையும் இதயத்தையும் சேர்த்தார் என்பதற்காகவே கொடுத்தார்கள். எனக்கு அந்த விருது முக்கியமாகப் பட்டது அதனால்தான். கருணையைப் பாராட்டும் விருதுகள் நிறைய. இது வேலை தெரிந்தவரைப் பாராட்டியது.

மூன்று வருடம் கழித்து, 2012-ல், அதே விருது நம் கிருஷ்ணகிரியின் குழந்தை பிரான்சிஸ் என்ற சமூகப் பணியாளருக்கு வந்தது. 1979-ல் தொடங்கிய அவருடைய நிறுவனம் முதலில் தண்ணீரைத்தான் பார்த்தது. வறண்ட மலைப்பகுதியில் 300க்கும் மேற்பட்ட சிறு தடுப்பணைகள். பிறகு பெண்கள் குழுக்கள். விருது வந்த சமயத்தில் 8,000க்கும் மேற்பட்ட குழுக்கள், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பெண்கள். அந்த எண்ணிக்கையை நீங்கள் வேறு மாதிரி படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் 84 குழுக்களைப் பார்க்கிறார் என்றால் 8,000 குழுக்களுக்கு எத்தனை பேர் நடந்திருக்க வேண்டும்? 1989-ல் தொடங்கிய முதல் குழுக்களில் உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுத்தவர் யார்? பிரான்சிஸ் அந்த மரியாதைக்கு முழுத் தகுதி உள்ளவர். என் ஆதங்கம், மேடை ஒருவரைத் தாங்குவதற்கு மேல் அகலமாக இருப்பதில்லை என்பதுதான்.

அகலமாக இருந்த சமயமும் உண்டு. 1963-ல் குஜராத்தின் ஆனந்த் பால் கூட்டுறவுக்கும் பம்பாய் பால் விநியோகத்துக்குமாக மகசேசே விருதை மூன்று பேருக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். விவசாயிகளைத் திரட்டிய திரிபுவன்தாஸ் படேல், நிர்வாகத்தைக் கட்டிய வர்கீஸ் குரியன், பம்பாய் பால் திட்டத்தை நடத்திய தாரா குரோடி. திரட்டுவது ஒரு திறமை, நடத்துவது இன்னொன்று, விற்க வழி செய்வது வேறொன்று என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதிலும் ஒருவர் விடுபட்டுப்போனார். எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னபோது முடியும் என்று செய்துகாட்டிய பால் தொழில்நுட்ப வல்லுநர் எச். எம். தலாயா. 1955-ல் ஆனந்தில் அந்தப் பவுடர் ஆலை ஓடத் தொடங்கியிருக்காவிட்டால், குளிர்காலத்தில் மிஞ்சும் பாலை என்ன செய்வது என்று தெரியாமல் கூட்டுறவு திணறியிருக்கும். குரியன் பெயர் தெரிந்த எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

உங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்வெண்மணியில் 1968-ல் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அங்கே வந்து தங்கினார். 1981-ல் தன் கணவரோடு சேர்ந்து, உழுபவருக்கு நிலம் கிடைக்கச் செய்யும் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, 10,000க்கும் மேற்பட்ட நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கச் செய்தார். 2008-ல் இருவருக்கும் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது வந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தியாகத்தைத்தான் சொல்கிறோம். நிலத்தை விற்க நிலச்சுவான்தாரைச் சம்மதிக்கவைத்து, விலை பேசி, வங்கிக் கடன் வாங்கி, பெண்கள் பெயரில் பத்திரம் பதிந்து முடிப்பது எவ்வளவு கடினமான காரியம்! அந்த வித்தையைப் படிப்படியாக எழுதிவைத்தால் பத்துப் பேர் கற்றுக்கொள்ளலாம். தியாகத்தைப் பார்த்துக் கும்பிடத்தான் முடிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கீகாரம் வேண்டும் என்று கேட்கும்போது எதற்காக என்பதில் கவனமாக இருங்கள். 'நூறு சதவீத வசூல்' என்று கேடயம் கொடுக்கும் இடங்கள் உண்டு. அந்தக் கேடயத்துக்காகக் களப்பணியாளர் நெருக்குவார், உறுப்பினர் கந்துவட்டிக்கு வாங்கித் தவணை கட்டுவார், வசூல் கணக்கு அழகாக இருக்கும். ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்கள் ஆள் சேர்க்கும் எண்ணிக்கைக்கும் வசூலுக்கும் பின்னால் ஓடி, கடைசியில் 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தும் நிலை வந்தது. தவணை கட்ட முடியாத ஒரு பெண்ணுக்காக வங்கியில் உட்கார்ந்து வாதாடி அவகாசம் வாங்கிய பணியாளர் அந்த மாதப் பட்டியலில் கீழே இருப்பார். என் கணக்கில் அவர்தான் முதல்.

அரசு மணிமேகலை விருது கொடுக்கிறது, சிறந்த குழுக்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும். நல்ல காரியம். தனி ஒருவரின் திறமையை எழுதிவைப்பது அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் பொறுப்பு. மேலாளரிடம் மறுபடி போங்கள். கேடயம் கேட்க வேண்டாம். மூன்றைக் கேளுங்கள். ஒன்று, உங்கள் பதவிக்கு ஒரு பெயரும் அதற்கேற்ற சம்பளப் படியும். இரண்டு, நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லும் பணிச்சான்று, எத்தனை குழுவை வங்கியோடு இணைத்தீர்கள், உடைந்த குழுவில் எத்தனையை ஒட்டவைத்தீர்கள் என்று. மூன்று, புதிதாக வரும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு வேலை தெரியும் என்பதற்கு, அதை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும்படி அவரிடம் கேட்பதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை. கொடுப்பார்களா என்று தெரியாது. கேட்காமல் நிச்சயம் கிடைக்காது.

அது நடக்கும் வரை நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். குழுவின் தீர்மான நோட்டைத் தவறாமல் எழுதவைக்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவுக்கு நான் செய்யாமல் விட்டதை நீங்கள் உங்களுக்குச் செய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் இனி 'சமுதாய அமைப்பாளர்' என்று எழுதச் சொல்லுங்கள். திட்டங்களில் இருக்கும் சொல்தான் அது, உங்களுக்குப் பொருந்தும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி போகிறபோக்கில் வந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா அடித்த ஊர்களில் உங்கள் குழு ஒன்றும் கலையவில்லை என்று. அதை எப்படிச் செய்தீர்கள்? முதல் கூட்டத்தை எத்தனையாவது நாளில் கூட்டினீர்கள்? தென்னை போனவர் தவணைக்கு என்ன சொன்னீர்கள்? வங்கியில் யாரிடம் போய் எப்படிப் பேசினீர்கள்? நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள். எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.