காணொளியைக் காட்டி மிரட்டுகிறார்கள்: கேட்ட பணத்தைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். முன்பின் தெரியாதவர்களுடன் பேசும் வீடியோ அரட்டைத் தளம் ஒன்றில் அறிமுகமான பெண், ஐந்தே நிமிடத்தில் என் வாட்ஸ்அப் எண்ணையும் இன்ஸ்டாகிராம் கணக்கையும் கேட்டு வாங்கி, வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் வந்தார். அப்போது நான் ஆடையின்றி இருந்ததைப் பதிவு செய்து, என் நண்பர்கள் பட்டியலையும் சேர்த்து அனுப்பி மிரட்டினார்கள். மூன்று தவணைகளில் ரூ.61,500 யூபிஐ மூலம் கொடுத்துவிட்டேன். இப்போது டெல்லி சைபர் கிரைம் அதிகாரி என்று ஒருவர் அழைத்து, அந்தப் பெண் மைனர் என்றும், தற்கொலைக்கு முயன்றுவிட்டாள் என்றும் சொல்லி, வழக்கை முடிக்க ரூ.50,000 கேட்கிறார். அடுத்த மாதம் எனக்குத் திருமணம். இதைக் கொடுத்தால் முடிந்துவிடுமா? புகார் கொடுத்தால் நானே குற்றவாளி ஆகிவிடுவேனா?

பதில்: சைபர் மோசடிப் புகார்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள், இனி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள் என்று உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். உங்கள் நிலையில் இருக்கும் வேறு பலரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பணம் கொடுத்தால் முடியாது. நிலத்தை விற்றால் பத்திரம் கைமாறும். இங்கே கைமாறுவதற்கு எதுவும் இல்லை, ஏனெனில் காணொளியின் பிரதி எத்தனை முறை பணம் வாங்கினாலும் அவர்களிடமேதான் இருக்கும். நீங்கள் மூன்று முறை கொடுத்ததுதான் நான்காவதாக ஓர் 'அதிகாரி' முளைக்கக் காரணம். அந்த நபர் இந்த மோசடியின் இரண்டாம் அங்கத்தில் வழக்கமாக வருகிறவர். காவல்துறை வழக்கை முடித்துக்கொடுக்கத் தொலைபேசியில் பணம் கேட்பதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவின்படி ஒருவரை விசாரணைக்கு அழைக்கும் அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதிகாரியாக நடித்ததற்கே, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை உண்டு.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். வயது வந்த ஒருவர், தன் அறையில், வயது வந்த இன்னொருவரின் அழைப்பை நம்பி நடந்துகொண்டதை வைத்துப் பிறர் அவரை மிரட்டிப் பணம் பறிக்கும்போது, நடைமுறையில் அவர் புகார்தாரராகவே நடத்தப்படுகிறார். உங்கள் கடிதத்தில் இருக்கும் செய்திகளின்படி, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 308(2)-இன் கீழ் மிரட்டிப் பணம் பறித்தல் முழுமையாக நடந்துவிட்டது. அதற்குத் தண்டனை ஏழு ஆண்டு வரை. இதில் காவல்துறை பிடியாணையின்றிக் கைது செய்யலாம். காணொளியை யாருக்காவது அனுப்பினால், அதன் உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 அல்லது 67ஏ பிரிவும் சேரும். ஆண்களுக்கு இதில் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெண்களை ஒளிந்து பார்ப்பதைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு ஆண்களுக்கு உதவாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம்பிடிப்பதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. மைனர் என்ற பேச்சு பெரும்பாலும் போக்சோ சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்காகவே வருகிறது. எனினும், எதிரில் இருந்தவர் சிறுமி என்று தெரிந்தோ சந்தேகித்தோ நீங்கள் பேசியிருந்தால் நிலைமை வேறு. அப்போது புகாருக்கு முன்பே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடத் தோன்றும். தயவுசெய்து அழிக்காதீர்கள். உரையாடல், அழைப்பு விவரம், எண்கள், பணம் பெற்ற யூபிஐ முகவரி, ஒவ்வொரு தவணையின் பரிவர்த்தனை எண் ஆகிய அனைத்தையும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அந்த எண்களைத் தடை செய்யுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் இவற்றைச் சான்றாக்க சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் சொல்லப்படும் மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் தேவைப்படும் என்பதால், கைபேசியை ரீசெட் செய்யவோ மாற்றவோ வேண்டாம். அவர்கள் அனுப்பிய காணொளியையும் வைத்திருங்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கான ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம், அந்தக் கோப்பிலிருந்து உங்கள் கருவியிலேயே ஒரு கைரேகை போன்ற குறியீட்டை உருவாக்கி, காணொளி உங்களை விட்டு வெளியேறாமலே, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது பதிவேறாமல் தடுக்க உதவுகிறது. வாட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் அனுப்பப்படுவதை அதனால் தடுக்க முடியாது. காணொளி ஏதேனும் தளத்தில் ஏறிவிட்டால், அத்தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு நீங்களே எழுதலாம். 2026 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அதை நீக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணத்தைப் பொறுத்தவரை நம்பிக்கையை அளவோடு வைத்திருங்கள். 1930-இல் சொன்னதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளுக்குத் தகவல் சென்று, எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். முதல் தவணை இந்நேரம் மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு வாங்கிப் பயன்படுத்தும் நான்கைந்து வங்கிக் கணக்குகளைத் தாண்டியிருக்கும்; கடைசித் தவணையில்தான் ஏதாவது மிஞ்ச வாய்ப்பு. முடக்கப்பட்ட தொகையை நீதித்துறை நடுவரின் உத்தரவு பெற்றுத் திரும்பப் பெறலாம். நீங்களே அனுப்பிய பணம் என்பதால் வங்கியிடம் இழப்பீடு கேட்பது பெரும்பாலும் பலிக்காது.

வீட்டுக்குத் தெரிந்துவிடுமா என்பதுதான் கடிதம் முழுக்க இழையோடும் கேள்வி. உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையம் தனியே இருக்கிறது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். மின்னணு முறையில் கொடுத்த தகவலில் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவரின் பெயரை மறைக்கச் சட்டமே கட்டளையிடுவதுபோல உங்களுக்கு இல்லை என்பது சட்டத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் உணர்வுபூர்வமான வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் விலக்களித்திருப்பதைச் சுட்டி, ஆய்வாளரிடம் எழுத்துமூலம் கோருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது நீங்களே முந்திச் சொல்லிவிட்டால், மிரட்டுபவரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் மழுங்கிவிடும். மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விபரீத எண்ணம் எழுந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இரவிலும் இயங்குகிறது.

இத்தகைய தளங்களுக்குப் போகும் மற்றவர்களுக்கு ஒன்று. 2009-இல் தொடங்கிய ஒமேகிள் 2023 நவம்பரில் மூடப்பட்டாலும், அதே மாதிரியான தளங்கள் பல இயங்குகின்றன. அங்கே உங்கள் பெயரும் உறவினர் பட்டியலும் எதிராளிக்குத் தெரியாது. அதனால்தான் சில நிமிடங்களில் வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ இழுக்கிறார்கள். திரையில் தெரியும் பெண் பல நேரங்களில் முன்பே பதிவு செய்து ஓட்டப்படும் காணொளி மட்டுமே. எண்ணைக் கேட்ட அந்த நொடியில் அழைப்பைத் துண்டித்துவிட்டால் அவர்களிடம் மிரட்டுவதற்கு முகவரியே இல்லை.

நீங்கள் 1930-இல் பெற்ற ஒப்புகை எண், வங்கிக் கணக்கு அறிக்கை, ஸ்கிரீன்ஷாட்களின் அச்சுப்பிரதி, ஆதார் நகல் ஆகியவற்றுடன் மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். புகாரை வாங்க மறுத்தால் வாதாட வேண்டாம். அதே புகாரைப் பதிவுத் தபாலில் காவல் ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அதன் பிறகும் நடவடிக்கை இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.