ஆர்50-லருந்து ஃபுல் ஃபிரேமா? முதல்ல லென்ஸைப் பாருங்க

கேனான் ஆர்50 கேமரா, கூடவே வந்த 18-45 லென்ஸ். தைப்பூச ராத்திரிப் படமெல்லாம் புள்ளி புள்ளியா வருது, பெரிய சென்சார் (ஃபுல் ஃபிரேம்) இருக்கிற ஆர்8-க்கு மாறலாமான்னு கேட்டிருக்கீங்க. என் கணிப்புல குறை கேமரா பாடியில இல்லை, லென்ஸ்லதான். 45-க்கு ஜூம் பண்ணினா அந்த லென்ஸ் திறக்கிறது எஃப்/6.3 வரைதான் (எஃப் எண் கூடக் கூட வெளிச்சம் குறையும்); சிராங்கூன் ரோட்டுத் தெருவிளக்குக்கு அது எங்க போதும்? ஆர்எஃப் 50 எஃப்/1.8 மாட்டினா மூன்றரை ஸ்டாப் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு). ஃபுல் ஃபிரேம்ல கிடைக்கிற லாபம் ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

ஆனா ஆர்50 மாதிரி சின்ன சென்சார் (கிராப்) கேமராவுல 50 ரொம்ப நெருக்கும். காவடி எடுக்கிறவர் முகத்துக்குச் சரி, முழுக் காவடியும் அடங்க 28 எஃப்/2.8 பாருங்க.

இப்ப இருக்கிற 18-45, கிராப்புக்குன்னே செஞ்ச ஆர்எஃப்-எஸ் லென்ஸ். அதை ஆர்8-ல போட்டா சென்சாரோட நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும், 24 மெகாபிக்சல் 9 சொச்சமாச் சுருங்கிடும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்! சுங்கை பூலோ சதுப்புநிலப் பறவைக்கும், தூரத்துல இருக்கிறதைப் பெருசாக் காட்டுற கிராப்தான் தோது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல பழைய 50 இருக்கான்னு விசாரிங்க.