அம்மாவோடு மும்பைக்கு நான்கு நாள்

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது. டிசம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு நாள் போகிறேன். அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி வேறு. ஒரே நாளில் காரில் 14 இடம் காட்டுவதாக ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். எடுக்கலாமா? எலிபண்டா குகைக்கு அம்மாவால் போக முடியுமா?
- வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: பேக்கேஜ் வேண்டாம் தங்கச்சி. முதல் தடவை நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனோம். கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் பத்து நிமிடம் நின்று ஒரு படம் எடுத்தோம், திரும்பக் காரில் ஏறிவிட்டோம். மீதி நாள் முழுக்க ஜாமில் போனது. அவருக்குக் கடல் என்றால் உயிர். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்காரலாம் என்று கேட்டார், டிரைவர் நேரமாகிறது என்றார். இப்போது அவர் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். அதிலும் தென்மும்பைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முதல் நாள் காலையிலேயே எலிபண்டா. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள். கேட்வேக்குப் பக்கத்திலேயே படகு கிடைக்கும். ஒரு மணி நேரப் பயணம். நம் பினாங்கு ஃபெரி போலக் கரையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்காது, ஆடுகிற படகில் கால் எடுத்து வைத்து ஏற வேண்டும். படகுக்காரர் கை கொடுப்பார், நீங்கள் அம்மாவுக்குப் பின்னால் நில்லுங்கள். டிசம்பரில் கடற்காகங்கள் படகோடு கூடவே பறந்து வரும். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தீவில் குகை வரை சுமார் 120 படி. இரண்டு பக்கமும் கடைகள், மேலே நிழலுக்குத் துணி கட்டியிருப்பார்கள். முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போக டோலிக்காரர்கள் உண்டு. கூலியை முன்னாலேயே பேசிவிடுங்கள், அம்மா கூச்சப்பட்டாலும் விடாதீர்கள். ஏனென்றால் மேலே இருப்பது அப்படிப்பட்ட சிற்பம். சுமார் 20 அடி உயர சதாசிவம், ஒரே பாறையில் மூன்று முகம். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக, நடுவில் இருக்கும் முகத்தின் மூடிய இமையும் தடித்த கீழுதடும் மெல்லத் தெரிய வரும். போன தடவை அங்கே நின்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஓவல் மைதானம். ஒரு பக்கம் விக்டோரியா காலத்துக் கோதிக் கட்டடங்கள், எதிர்ப்பக்கம் 1930-களின் ஆர்ட் டெகோ என்ற பாணியில் கட்டிய வீடுகள். நம் பினாங்கு ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2008-ல், இந்த இரண்டு வரிசையும் அதில் சேர்ந்தது 2018-ல். அங்கே நிற்கிற ராஜாபாய் கோபுரத்தை அம்மாவுக்குக் காட்டாமல் வராதீர்கள். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தி வியாபாரி பணம் கொடுத்து, தன் அம்மா பெயரை வைக்கச் சொன்ன மணிக்கூண்டு அது. 1878-ல் முடிந்தது. அவருடைய அம்மாவுக்குக் கண் தெரியாது, சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், மணியோசை கேட்டு நேரம் தெரிந்துகொள்வார் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

பகல் பதினொன்றரை வாக்கில் சர்ச்கேட் ஸ்டேஷன் வாசலுக்குப் போனால் வீட்டுச் சாப்பாட்டை ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வெள்ளைக் குல்லா டப்பாவாலாக்கள் டப்பாக்களைப் பிரித்து அடுக்குவதைப் பார்க்கலாம். வழியை மறிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். சாயங்காலம் மரீன் டிரைவ் கடலோரச் சுவரில் உட்காருங்கள். நேரம் பார்க்காதீர்கள்.

மூன்றாம் நாள் மாட்டுங்கா. என் சம்பந்தி வீடு அங்கேதான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மல்லிகைச் சரம், வாழை இலை, ஃபில்டர் காபி வாசம். கோலாலம்பூரில் நம் ஆட்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியது மாதிரி இருக்கும். பூக்காரரிடம் சம்பந்தியம்மா தமிழில் பேரம் பேச, அவர் தமிழிலேயே திட்டினார்!

நான்காம் நாள் தம்பி வீட்டில் இருங்கள். அவர் சமைத்ததைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: தாராவிக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறார்களாமே, போகலாமா?
- வாசகர், கிள்ளான்

பதில்: வேடிக்கை பார்க்க என்றால் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடும் வேலைக்குப் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம் அது. நம் தாத்தா பாட்டி ரப்பர் காட்டுக்கு வந்த மாதிரி அவர்கள் அங்கே போனார்கள். நம் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் யாராவது கேமராவோடு வந்து நின்றிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? தெரிந்தவர்கள் வீட்டுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், தோல் பை வாங்குங்கள்.

கேள்வி: லோக்கல் ரயிலில் தனியாகப் பெண்கள் ஏறலாமா அக்கா?
- வாசகி, செந்தூல்

பதில்: தாராளமாக. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. காலை எட்டு முதல் பதினொன்று வரையும், மாலை ஐந்தரைக்கு மேலும் மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் நம் கோமுட்டர் ரயில் மாதிரி இல்லை, ரொம்ப அதிகம். ஸ்லோ, ஃபாஸ்ட் என்று இரண்டு விதம், ஃபாஸ்ட் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருந்தால் நிற்கிறவர்கள் வந்து எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம், உங்களுக்கு அப்புறம் அந்த இடம் அவர்களுக்கு என்று சொல்லி வைக்கிற முறை அது. நான் தாதர் என்றதும் ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஸ்டேஷன் வருவதற்கு முன்பே என் தோளைத் தட்டி எழுப்பி, கூட்டத்தை விலக்கி வாசல் வரை வழி செய்து கொடுத்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார்.