சின்ன லேப்டாப்: ரேமா, கிராபிக்ஸா? உங்க கேள்விகள்

கேள்வி: 14 இன்ச்ல ரெண்டு லேப்டாப் பாத்து வெச்சிருக்கேன். ஒன்னு 8 ஜிபி ரேம், 2 ஜிபி எம்எக்ஸ் 550 கிராபிக்ஸ் கார்டு. இன்னொன்னு 16 ஜிபி ரேம், இன்டெல் பிராசஸர் உள்ளயே வர்ற ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ். காலேஜ் ப்ராஜெக்ட், கொஞ்சம் போட்டோஷாப். எது?

பதில்: 16 ஜிபி, யோசிக்கவே வேணாம். கிராபிக்ஸ் கார்டுல 2 ஜிபி மெமரிய வெச்சுக்கிட்டு இப்ப ஒன்னும் கிழிக்க முடியாது, ஃபேன் சத்தமும் சூடும்தான் மிச்சம். ஆனா அந்த 16 ஒரே ரேம் ஸ்டிக்கா, ரெண்டு எட்டான்னு கேட்டுட்டு காசு குடுங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

கேள்வி: எந்த லேப்டாப் சார் பெஸ்ட்?

பதில்: பட்ஜெட்டும் சொல்லல, எதுக்குன்னும் சொல்லல. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?

கேள்வி: ஐரிஸ் எக்ஸ்இன்னு சொல்லித்தான் வாங்குனேன், டிவைஸ் மேனேஜர்ல யூஹெச்டி கிராபிக்ஸ்னு காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா? ரேம் 8 ஜிபி.

பதில்: மாசத்துக்கு நாலு லெட்டராவது இப்படி வருது. கடைக்காரர திட்டாதீங்க, சிப் அதேதான். உள்ள ஒத்த 8 ஜிபி ஸ்டிக் போட்டு அனுப்பியிருப்பாங்க, அதான் கோளாறு. இந்த மாதிரி கிராபிக்ஸுக்கு சொந்தமா மெமரி கிடையாது, உங்க ரேம்லதான் கை வைக்கும், அப்ப ரேம் எவ்ளோ வேகமா டேட்டா குடுக்குதுங்கறதுதான் எல்லாமே, டிடிஆர்4 3200 ரேம்ல ஒரு சேனல்னா (ஒத்த ஸ்டிக்குக்கு டேட்டா போக ஒரே வழி, அதான் சிங்கிள் சேனல்) செகண்டுக்கு சுமாரா 25 ஜிபி, ரெண்டு சேனல்னா 50. சிங்கிள் சேனல்ல ஓடுனா இன்டெல் டிரைவரே ஐரிஸ்ங்கற பேர எடுத்துட்டு யூஹெச்டின்னு போட்டுடும். கம்பெனி சில நூறு ரூபா மிச்சம் புடிக்க, நீங்க குடுத்த காசுக்கு பாதி கிராபிக்ஸ்தான் கைக்கு வருது, பெட்டில இத ஒரு வரி போட மாட்டாங்க! எனக்கு எரியறது அதான்.

டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ன்னு இருந்தா தப்பிச்சீங்க, அதே ஸ்பீடுல இன்னொரு 8 மாட்டுங்க, பேரு தானா ஐரிஸ்னு மாறிடும். ஃபார்ம் ஃபேக்டர்ல ‘ரோ ஆஃப் சிப்ஸ்’னு இருந்தா ரேம் போர்டுலயே சால்டர் பண்ணது, கழட்டி மாத்த முடியாது, காலி ஸ்லாட்டும் இல்லன்னா கடைசி வரை அவ்ளோதான்.

கேள்வி: ஷேர்டு ஜிபியு மெமரி 8 ஜிபின்னு காட்டுதே, 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டா?

பதில்: இல்ல. அது உங்க 16 ஜிபி ரேம்ல பாதி.

கேள்வி: ரைசன் 5 7520யூ 7000 சீரிஸ்தானே, கேம் ஓடுமா?

பதில்: பேருதான் புதுசு. மூணாவது நம்பர பாருங்க, 2ன்னா உள்ள இருக்கறது ஏஎம்டியோட பழைய ஜென் 2 டிசைன். அதுல வர்ற ரேடியான் 610எம் கிராபிக்ஸ்ல ரெண்டே ரெண்டு கம்ப்யூட் யூனிட் (படம் வரையற வேலைய செய்யற பகுதி), ரைசன் 7 7840யூல இருக்கற 780எம்ல 12. ரேமும் சால்டர்தான். பிரவுசர், ஆபீஸ் வேலைக்கு சரி, கேம்னா வேணாம்.

கேள்வி: மேக்புக் ஏர் 8 ஜிபி, பழைய ஸ்டாக், சல்லிசா வருது. அப்புறமா ரேம் ஏத்திக்கலாமா?

பதில்: ஏத்த முடியாது, மேல சொன்ன அதே சால்டர் கதை. சிபியு, கிராபிக்ஸ் எல்லாம் அந்த 8ஐத்தான் பங்கு போட்டுக்கணும். ஆப்பிளே 2024 அக்டோபர்ல ஏருக்கு ஆரம்பமே 16னு ஆக்கிடுச்சு. டைப் பண்ண, படம் பாக்க மட்டும்னா எடுங்க, வீடியோ எடிட்டிங்னா 16க்கு கொஞ்சம் காசு சேருங்க.